முந்தாநாள் வரைக்கும் மஞ்சள்

மஞ்சள் சுவரைத் தேடிக்கிட்டுத்தானே வந்தே? இதுதாம்மா அது. முந்தாநாள் வரைக்கும் மஞ்சளாத்தான் இருந்தது.

போன்ல காட்டுறியே, அதுவும் இதே சுவருதான். அந்தச் சன்னல், அந்தக் காகிதப்பூக் கொடி, எல்லாம் இதுதான். நிறம் மட்டும் மாறிப்போச்சு. அதுக்கு ஏன் மூஞ்சியை இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறே? உனக்குத் தாலி கட்டப்போறது சுவரா? அதோ அந்தத் தம்பிதானே மாப்பிள்ளை, போன்ல யாரையோ பிடிச்சு ஏசிக்கிட்டிருக்கே? ஏசட்டும். படம் பிடிக்கிறவரு வேற சுவரு பார்க்கப் போயிருக்காரா? நல்லதாப் போச்சு. அவரு வர்ற வரைக்கும் நீ உள்ள வா. வெயில்ல நின்னா முகத்துல பூசினதெல்லாம் வழிஞ்சிடும். ஏ, சாயாதே சாயாதே! சுவத்துல கை வைக்காதே. பெயிண்டு ரெண்டாவது கோட்டு நேத்து சாயங்காலம்தான் அடிச்சது. கடல் காத்துக்கு லேசுல காயாது.

புடவை மாத்தணும்னாலும் இங்கயே மாத்திக்கோ. உனக்கு முன்னால நூறு பொண்ணுங்க இந்த அறையில மாத்தியிருக்கு. யாரையும் நான் வேணாம்னு சொன்னதில்ல. ஊக்கு வேணும்னா அந்த பிஸ்கட் டப்பாவுல கிடக்கு. எல்லாம் கல்யாணப் பொண்ணுங்க விட்டுட்டுப் போனது. ஒருத்தி கொலுசையே விட்டுட்டுப் போனா. ஆறு மாசம் கழிச்சு வந்து வாங்கிக்கிட்டா, வயித்துல பிள்ளையோட.

உட்காரு. பேரு என்ன சொன்னே? மிருதுளாவா. ஊரு? ஈரோடு. நல்ல ஊரு. என் பேரு சலேத்மேரி. சலேத்தம்மான்னா இந்தத் தெருவுல நாயும் வழி காட்டும். மணி என்ன ஆகுது? எட்டேகாலா? ஒன்பதரைக்கு ஒரு குடை வரும். அதுக்குள்ள உன்னால எனக்கு ஒரு காரியம் ஆகணும். என்னன்னு அப்புறம் சொல்றேன். பயப்படாதே, காசு பணம் கேட்க மாட்டேன்.

சாப்பிட்டியா? பொய் சொல்லாதே, உதட்டுச் சாயம் கலையாம இருக்கு. இந்தா, ரொட்டி. உங்க ஊருல மாதிரி சதுர ரொட்டி இல்ல, நீட்டு ரொட்டி. அடுத்த தெரு ரொட்டிக் கிடங்குல காலையில அஞ்சு மணிக்கு எடுத்தது. நாங்க பேக்கரின்னு சொல்ல மாட்டோம், ரொட்டிக் கிடங்குதான். பிச்சு இந்த மீன் குழம்புல முக்கு. நேத்து வச்ச குழம்பு. நேத்துக் குழம்புக்குத்தான் ரொட்டி சேரும், இன்னைக்குக் குழம்புக்குச் சோறுதான். முந்தானையை இடுப்புல சொருகிக்கோ. மஞ்சள் கறை போகாது. எனக்குத் தெரியும், மஞ்சள் கறையோட நாப்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணவ நான்.

குடை யாருன்னு கேக்குறியா? ரக்ஷித்னு ஒரு தம்பி. சென்னைப் பையன்தான், படிச்ச பையன். சனி, ஞாயிறு காலையில பதினஞ்சு இருபது பேரைக் கூட்டிக்கிட்டு இந்தத் தெருத் தெருவா நடப்பான். கூட்டத்துல யாரும் தொலைஞ்சு போகக்கூடாதுன்னு சிவப்புக் குடை ஒண்ணைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வருவான். கோயிலைக் காட்டுவான், தூணைக் காட்டுவான், வளைவைக் காட்டுவான். கடைசியா நம்ம சன்னலுக்கு வெளியே வந்து நிப்பான். நான் உள்ள வெங்காயம் உரிச்சுக்கிட்டு எல்லாத்தையும் கேட்பேன். நான் ரெண்டாம் வகுப்பு முடிக்கல கண்ணு, என் பேரை எழுதுறதே படம் வரையுற மாதிரி. ஆனா காது மட்டும் ஆண்டவர் நல்லாக் குடுத்திருக்காரு. அவன் சொல்றதை அப்படியே சொல்லட்டுமா?

"ஃப்ரெண்ட்ஸ், இருநூத்தி எழுபது வருஷத்துக்கு முன்னாடி இந்த வீட்டுல ஒரு பிரெஞ்சுத் தளபதி வாழ்ந்தாரு. அவரு சண்டைக்குக் கப்பல் ஏறிப் போனாரு, திரும்பி வரவே இல்ல. அவரோட சீமாட்டி இந்தச் சன்னல்ல நின்னு பதினோரு வருஷம் கடலைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. இந்தக் கட்டையில இருக்குற கீறல் எல்லாம் அந்தம்மா நகத்தால கீறினது. தொட்டுப் பாருங்க, ஃப்ரெண்ட்ஸ்."

தொட்டுப் பாப்பாங்க. சில பொண்ணுங்க கண்ணைத் துடைச்சுக்கும்.

இப்ப நீ திரும்பு. அந்தச் சன்னல் வழியாப் பாரு, கடல் தெரியுதா? என்ன தெரியுது? எதிர் வீட்டுக் கக்கூஸ் குழாய் தெரியுது. அந்த வீடு இல்லாத காலத்துல அந்த இடத்துல பெரிய மதில் சுவரு இருந்துதுன்னு என் மாமியாரு சொல்லுவாங்க. பதினோரு வருஷம் மதிலைப் பார்த்துக்கிட்டு எந்தச் சீமாட்டியாவது நிப்பாளா? அந்தக் கட்டையைத் தொடு. எவ்வளவு ஆழமா இருக்குன்னு பாரு. நகமா அது? பல்லு. குதிரைப் பல்லு. இது குதிரை லாயம் கண்ணு! முன்னாடி இருக்கே அந்தப் பெரிய ஓட்டலு, அதுதான் வெள்ளைக்கார வீடு. அவங்க வண்டிக் குதிரைங்க நின்ன இடம் இது. நீ உட்கார்ந்து ரொட்டி தின்னுற இடத்துல சாணி கிடந்தது. அந்தச் சன்னல் புல்லு போடுற சன்னல். புல்லு வர லேட்டானா குதிரை கட்டையைக் கடிச்சிக்கிட்டு நிக்கும். அதுதான் உங்க சீமாட்டி.

சிரிக்கிறியா? சிரி. நானும் சிரிச்சவதான், முதல்ல.

அந்தப் பெரிய வீட்டுல ஒரு மதாம், வெள்ளைக்காரம்மா, இருந்தாங்க. என் மாமியாரு அவங்க சமையக்கட்டுல இருந்தவங்க. வெள்ளைக்காரன் ஊரை விட்டுப் போன வருஷம் அந்த மதாமும் பிரான்சுக்குப் போனாங்க. போறப்ப, குதிரையெல்லாம் செத்துச் சும்மா கிடந்த இந்த லாயத்தை என் மாமியாரு பேருல பத்திரம் எழுதி முத்திரை குத்திக் குடுத்துட்டுப் போனாங்க. பத்திரம் இப்பவும் பெட்டியில இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு அப்ப எட்டு வயசு. அவங்க பேரு தனிஸ்லாஸ். அதோ படத்துல, மாலைக்குள்ள. சாரத்து மேல நின்னுக்கிட்டு, தலையில காகிதத் தொப்பி, கையில பிரஷு. பெயிண்டர். சட்டையெல்லாம் புள்ளி புள்ளியாத் தெரியுதே, அம்புட்டும் மஞ்சள்.

இந்த ஊரு மஞ்சளை யாரு அடிச்சான்னு நினைக்கிறே? பிரெஞ்சுக்காரன் அடிச்சு வச்சுட்டுப் போன மஞ்சள் இன்னும் அப்படியே இருக்குன்னா? கடல் காத்துக்கு ரெண்டு வருஷம் தாங்காது. எங்க வீட்டுக்காரரும் அவரு கூட்டாளிங்களும்தான் அடிச்சாங்க. ஒரு கான்ட்ராக்டருகிட்ட முப்பத்தெட்டு வருஷம் வேலை. தெருவுக்குத் தெரு மஞ்சள். ஓரத்துக்கு வெள்ளை. அந்த வெள்ளைக் கோடு நூலு பிடிச்ச மாதிரி இருக்குதே, அவரு கை. கயிறு கட்ட மாட்டாரு, சும்மா கண்ணால பார்த்தே இழுப்பாரு.

நம்ம சுவரு எப்படி மஞ்சளாச்சுன்னு கேளு.

நான் கட்டிக்கிட்டு வந்தப்ப இது வெறும் சுண்ணாம்பு. மழை பேஞ்சா பாசி பிடிச்சு ஆட்டுத் தோலு மாதிரி ஆயிடும். எனக்கு வயசு பத்தொன்பது. நான் வந்தது முத்தியால்பேட்டையில இருந்து. அங்க போய், வெள்ளைக்காரத் தெருவுல வீடுன்னு பெருமையாச் சொல்லிட்டேன். எங்க அக்கா பார்க்க வந்தா. தெரு மொத்தமும் மஞ்சள்ல தகதகன்னு இருக்கு, நம்ம வீடு மட்டும் மூளியா நிக்குது. அன்னைக்கு ராவு அவருகிட்டச் சண்டை போட்டேன். "ஊரு வீட்டுக்கெல்லாம் அடிக்கிறீங்க, நம்ம வீட்டுக்கு அடிக்க மாட்டீங்களா? பார்க்கிறவங்களுக்கு லாயம் மாதிரி இருக்கு."

"லாயம்தானே, சலேத்து" அப்படின்னாரு.

எனக்கு அப்படி ஒரு கோவம். மூணு நாள் பேசல. நாலாம் நாள் கான்ட்ராக்டருகிட்டக் கேட்டு டிரம்முல மிச்சம் இருந்த மஞ்சளை வாங்கிட்டு வந்து, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து, ஒரே நாள்ல அடிச்சு முடிச்சிட்டாரு. ஓரத்துக்கு வெள்ளையும் இழுத்தாரு. பெரிய வீட்டுக்கு அடிக்கிற மாதிரியே. அதுக்கப்புறம் நம்ம வீடும் தெருவோட சேர்ந்துக்கிச்சு. வழியில போறவன் யாரும் இது லாயம்னு சொல்ல மாட்டான். அது ஒரு மருவாதி இல்லையா? அந்தக் குடைக்காரன் பண்றது வேற. அவன் பண்றது பொய்யி. நான் பண்ணது வீட்டை வீடா வச்சுக்கிறது. ரெண்டும் ஒண்ணா? நீயே சொல்லு.

அவருக்குத்தான் மஞ்சள் பிடிக்காது. ஒரு தடவை சொன்னாரு, "நாள் முழுக்க மஞ்சளைப் பார்த்துட்டு வர்றேன், வீட்டுக்கு வந்தாலும் மஞ்சளா?" அப்படின்னு. நான் சொன்னேன், சும்மா வர்றதை வேணாம்னு சொல்ற ஆளை இப்பத்தான் பார்க்குறேன்னு. அதோட சரி. அவரு ரொம்பப் பேசுற ஆளு இல்ல. எங்க வீட்டுல எல்லாத்தையும் நாங்க ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணுவோம். நான் பேசுவேன், அவரு சரிம்பாரு.

குழம்பு காரமா? தண்ணி குடி.

வேலையில இருந்து நின்ன அன்னைக்கு, கூட்டாளிங்க போட்ட மாலையோட வந்தாரு. கையில ஒரு டின்னு. என்னன்னு கேட்டேன். நீலம்னாரு. "நீலமா? எதுக்கு?" சுவரைக் காட்டினாரு. கண்ணு, மஞ்சள் சும்மா வருது, இவரு கடையில காசு குடுத்து நீலம் வாங்கிட்டு வந்து நிக்கிறாரு! தெருவே மஞ்சளா இருக்கு, நடுவுல நம்ம வீடு மட்டும் நீலமா நின்னா கூத்துக்காரன் கூடாரம் மாதிரி இருக்காதா? "வர்ற வழியில புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?"ன்னு கேட்டுட்டு, டின்னைக் காலாலயே கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன். சரி சலேத்துன்னாரு.

ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமசுக்கு முன்னால சுவரு அடிப்போம். பிரஷைத் தண்ணியில ஊறப் போட்டுட்டு என்னைப் பார்த்து ஒரே வார்த்தைதான் கேட்பாரு. "இந்த வருஷம்?" நான் சொல்லுவேன், "அடுத்த வருஷம்." மஞ்சளைக் கலக்க உட்கார்ந்திடுவாரு. பதினாலு கிறிஸ்துமஸ். சண்டை கிண்டை ஒண்ணும் கிடையாது. நாங்க சண்டையே போட மாட்டோம்னு தெருவுல எல்லாருக்கும் தெரியும்.

அப்புறம் இந்தப் போனு வந்தது. எவனோ ஒருத்தன் சினிமாக் கேமராவோட வந்து ரெண்டு நாள் இங்க படம் பிடிச்சான். அதுக்கப்புறம் உங்களை மாதிரிப் பொண்ணுங்க, மாப்பிள்ளைங்க. காலையில ஆறு மணிக்குக் கதவைத் திறந்தா வாசல்ல ஒரு ஜோடி நிக்கும். எனக்கு ஒரே சந்தோசம். நம்ம சுவரைத் தேடி ஈரோடு, ஓசூரு, பெங்களூர்ல இருந்தெல்லாம் வர்றாங்களேன்னு. அவரு வாசல்ல நாக்காலி போட்டு உட்காருவாரு, பேப்பர் படிக்க. "தாத்தா, கொஞ்சம் நகருங்க, ஃப்ரேம்ல வர்றீங்க" அப்படிம்பாங்க. நாக்காலியைத் தூக்கிக்கிட்டு நகருவாரு. அப்புறம் இன்னும் கொஞ்சம் நகருவாரு. கடைசியில உள்ளயே உட்கார ஆரம்பிச்சிட்டாரு. இந்தச் சுவத்தை எத்தனை ஆயிரம் படம் எடுத்திருப்பாங்க? அடிச்சவரு ஒண்ணுலயும் இல்ல.

மூணு வருஷம் ஆச்சு அவரு போய். பாஸ்கா பண்டிகைக்கு முன்னால போனாரு.

அதுக்கப்புறம்தான் ரக்ஷித் உள்ள வந்தான். நல்ல மாதிரியாத்தான் வந்தான். "ஆன்ட்டி, உங்க வீட்டு வாசனை தெரு வரைக்கும் வருது. நம்ம கெஸ்டுங்களுக்குக் காலை டிபன் நீங்க குடுங்களேன்." நான் தனியாக் கிடக்கேன், வீட்டுக்குள்ள நாலு பேரு வந்தா நல்லதுதானேன்னு சரின்னுட்டேன். ரொட்டி, மீன் குழம்பு, கோழி வறுவல், கடைசியா ஒரு துண்டு கேக்கு. தின்னுட்டு அப்படிப் புகழ்வாங்க. ஒரு நாள் அவன் காதோரமா வந்தான். "ஆன்ட்டி, இதெல்லாம் அந்தச் சீமாட்டியோட கைப்பக்குவம், பரம்பரையா வருதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கேக்குறவங்களுக்கு நல்லா இருக்கும்."

சொன்னேன்.

ஏன் அப்படிப் பார்க்குறே? ஒரு வார்த்தைதானே. சொன்னா அவங்க முகம் எப்படி மலரும் தெரியுமா? அந்த மதாமுக்கு மீன் வாடையே ஆகாது. வீட்டுக்குள்ள மீன் வந்தா மூக்குல கைக்குட்டை வச்சுக்கிட்டு மாடிக்குப் போயிடுவாங்களாம், மாமியாரு சொல்லியிருக்காங்க. இந்தக் குழம்புல புளி தூக்கலா இருக்கே, அது எங்க வீட்டுக்காரருக்குப் பிடிச்ச புளி. அதைத்தான் நான் சீமாட்டி கைப்பக்குவம்னு பரிமாறிக்கிட்டிருந்தேன், மூணு மாசம். ஒரு சரிகைத் தொப்பி குடுத்தான், அதையும் போட்டுக்கிட்டேன். என்ன, சமையல் பண்றப்ப முடி விழாம இருக்கும்.

போன ஞாயித்துக்கிழமை வரைக்கும்.

போன ஞாயிறு பதினேழு பேரு. நான் குழம்பு ஊத்திக்கிட்டிருக்கேன். ஒரு அம்மா, வயசானவங்க, மதுரைப் பக்கம் பேச்சு, கையில ரொட்டியோட நின்னு அந்தப் படத்தையே பார்த்தாங்க. "இது யாருங்க?"ன்னு கேட்டாங்க. என்னைப் பார்த்துத்தான் கேட்டாங்க. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள அவன் சொல்லிட்டான்.

"அது இந்த வீட்டு வேலைக்காரர், மேடம். கடைசி வரைக்கும் அந்தக் குடும்பத்துக்கு விசுவாசமா இருந்தவரு."

வேலைக்காரராம். இந்த வீட்டுக்கு. விசுவாசமாம்.

அந்த அம்மா அப்படியான்னு தலையாட்டினாங்க. படத்துக்குக் கும்பிடு கூடப் போட்டாங்க. பாவம், நல்லவங்க.

நான் என்ன பண்ணேன்னு கேக்குறியா? நான் ஒண்ணும் பண்ணல. கையில கரண்டி இருந்தது. அடுத்த ஆளு தட்டை நீட்டிட்டாங்க. ஊத்தினேன். அப்புறம் இன்னொருத்தருக்கு ஊத்தினேன். பதினேழு பேருக்கும் ஊத்தி, கேக்கு வெட்டிக் குடுத்து, அவங்கெல்லாம் போன பிறகு தொப்பியைக் கழட்டினேன். அடுப்புல போட்டேன். நைலான் போலிருக்கு, ஒரே நாத்தம்.

அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன், சும்மா விடுவேனா? சாயங்காலம் வரச் சொன்னேன். "ஏண்டா, அவரு யாருன்னு உனக்குத் தெரியாது? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" சிரிக்கிறான். "ஆன்ட்டி, கோச்சுக்காதீங்க. பெயிண்டர் வீடுன்னு சொன்னா யாரு டிக்கெட் எடுப்பா? குதிரை லாயம்னு சொன்னா உள்ள சாப்பிடுவாங்களா? கதை நல்லா இருக்கணும் ஆன்ட்டி. நீங்களும்தானே சொன்னீங்க, சீமாட்டி கைப்பக்குவம்னு."

பார்த்தியா திமிரை? என்னையே சாட்சிக்குக் கூப்பிடுறான்.

திங்கக்கிழமை காலையில கட்டிலுக்கு அடியில குனிஞ்சேன். முட்டி வலி, லேசுல குனிய முடியாது. டின்னை இழுத்துக் குலுக்கினேன். சத்தமே இல்ல. உளியை வச்சு மூடியைத் தட்டி எடுத்தா, உள்ள கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு. பதினேழு வருஷம் ஆச்சே, பின்ன என்ன? கத்தியால குத்தினேன், கத்தி முனை மடங்கிப் போச்சு. மூடியோட அடிப்பக்கம் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு நல்லா இருந்தது. அப்பத்தான் கண்ணு அந்த நிறத்தையே நான் பார்க்குறேன். அத்தனை வருஷமும் டின்னைத்தான் பார்த்தேன், உள்ள என்ன நீலம்னு பார்த்ததே இல்ல. மண்ணெண்ணெய் ஸ்டவ்வு நல்லா எரியுறப்ப ஒரு நீலம் வருமே, அது.

மூடியைப் பையில போட்டுக்கிட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரன் ஒரு அட்டையை விரிக்கிறான், அதுல இருநூறு நீலம். "எந்த நீலம் வேணும்மா?" எனக்கு என்ன தெரியும்? மூடியை எடுத்து வச்சேன். "இந்த நீலம். இதுல ஒரு பொட்டு கூடக் குறைய இருந்தாலும் திரும்பக் கொண்டு வருவேன்." மிஷினுல வச்சுப் பார்த்துக் கலக்கிக் குடுத்தான். மூணு தடவை திருப்பி அனுப்பினேன். நாலாவது தடவை சரியா வந்தது.

அடிக்கிறதுக்குக் கலியபெருமாள் வந்தாரு. எங்க வீட்டுக்காரரோட கூடவே வேலை பார்த்தவரு, எழுபது வயசு. நான் கூப்பிட்டதும் கேள்வி கேக்காம ஏணியைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாரு. புது டின்னைத் திறந்தாரு. குச்சியை விட்டு ஒரு கலக்கு கலக்கிப் பார்த்தாரு. அப்புறம், "இதுதான் அண்ணி. அண்ணன் சொல்லிக்கிட்டே இருப்பாரே, இதேதான்" அப்படின்னாரு.

"என்ன சொல்லிக்கிட்டே இருப்பாரு?"ன்னு கேட்டேன்.

"சாரத்துல நின்னுக்கிட்டுச் சொல்லுவாரு. கலியா, வீட்டுக்கு நீலம் அடிச்சுட்டேன்னு வை, தெரு திரும்புறப்பவே வேலை முடிஞ்சுதுன்னு கண்ணுக்குத் தெரிஞ்சிடும்டா. அப்படின்னு. உங்களுக்குத் தெரியுமே அண்ணி."

தெரியாமலா? எனக்குத் தெரியாதது கலியபெருமாளுக்கு என்ன தெரிஞ்சிடப் போகுது? தெரியும்னுதான் சொன்னேன். அவருக்கு டீ போட உள்ள போனேன். பால் பொங்கி வழிஞ்சு அடுப்பே அணைஞ்சு போச்சு, என்னமோ நினைப்புல.

வியாழக்கிழமை ஒரு கோட்டு, நேத்து ஒரு கோட்டு. நேத்து சாயங்காலமே முன் வீட்டு ஓட்டல்ல இருந்து மேனேஜரு ஓடி வந்தாரு. "பாட்டி, என்ன பண்ணிட்டீங்க? எங்க கெஸ்டுங்க போட்டோ எடுக்குற சுவராச்சே!"

"உங்க கெஸ்டு, என் சுவரு"ன்னேன்.

"தெருவோட அழகே போச்சே. மேலிடத்துல கேட்பாங்க."

"கேட்கட்டும். பெட்டியில பத்திரம் இருக்கு. லாயம்னு எழுதியிருக்கு, மஞ்சள்னு எழுதல."

அவருக்கு முகம் செத்துப் போச்சு. அப்புறம் இன்னைக்குக் காலையில உங்க ஆளுங்க வந்து பார்த்து, நீயும் அதே முகத்தோட நின்னே. எல்லாருக்கும் மஞ்சள்தான் வேணும். அடுத்த தெருவுல நிறைய இருக்கு, போய்க்கோங்க. நான் தடுக்கல. அதெல்லாம் கூட அவரு அடிச்சதுதான்.

ஆனா உன் புடவையைப் பாரு. அரக்குச் சிவப்பு. மஞ்சள் முன்னால நின்னிருந்தா சாம்பார்ல போட்ட மிளகாய் மாதிரித்தான் இருந்திருப்பே. நீலத்துக்கு முன்னால நின்னு பாரு. எனக்கு நிறத்தைப் பத்தி என்ன தெரியும்னு கேக்காதே. பெயிண்டர் பொண்டாட்டி.

ரொட்டி முடிஞ்சதா? கையைக் கழுவிட்டு வா. இப்ப காரியத்தைச் சொல்றேன்.

வாசலுக்கு வா. தெரு முனையில அந்தப் பலகையைப் பாரு. நீலத்துல வெள்ளை எழுத்து, தெருப் பேரு. யாரோ ஒரு வெள்ளைக்காரன் பேரு, எனக்கு வாயில நுழையாது. என்ன பண்ணான்னும் எனக்குத் தெரியாது. அங்கிருந்து பார்த்தாலே எழுத்து பளிச்சுன்னு தெரியுதா? அதே மாதிரி நம்ம சுவத்துல எழுதணும். கலியபெருமாள் எழுதுவாருன்னு பார்த்தேன், அவருக்குக் கோடு இழுக்க வருமே தவிர எழுத்து வராது. நான் எழுதினா கோழி கிளறின மாதிரி இருக்கும். நீ படிச்ச பொண்ணு. காலையில நீ வந்து நின்னப்பவே உன் கையைப் பார்த்தேன். மருதாணி அழகா வச்சிருக்கே. யாரு வச்சா? நீயேவா! அப்ப எழுத்தும் நல்லாத்தான் இருக்கும்.

அதோ டப்பாவுல வெள்ளை. ஓரத்துக்கு வாங்கினதுல மிச்சம். இது அவரு பிரஷு, ரெண்டு விரல் அகலம், முடி கொட்டாது. புடவை மேல இந்தப் பழைய சட்டையைப் போட்டுக்கோ. அவரு சட்டைதான். புள்ளி இருந்தா இருக்கட்டும்.

மாப்பிள்ளைத் தம்பி! இங்க வாங்க. போனை வச்சிட்டு அந்த ஸ்டூலைப் பிடிங்க. பொண்டாட்டி ஏறி நிக்கிறப்ப புருசன் ஸ்டூலைப் பிடிக்கணும். இப்பவே பழகிக்கோங்க. முறைக்காதீங்க, நல்ல படம் கிடைக்கும்.

சன்னலுக்குப் பக்கத்துல எழுது, அவன் நிக்கிற இடத்துக்கு நேரா. அவன் படிக்கலன்னா போறான், பின்னால நிக்கிற இருபது பேரும் படிப்பாங்க இல்ல? அவங்களுக்குக் கண்ணு இருக்கு. பெரிசா எழுது. முதல்ல, "இது குதிரை லாயம்." ஆமா, அப்படியேதான். எனக்கு என்ன வெக்கம்? அவரு அன்னைக்கே சொன்னாரு. கீழ, "தனிஸ்லாஸ் வீடு." த... னி... நிதானமா. அவசரப்படாதே. அதுக்குக் கீழ, "பெயிண்டர்." அந்தக் கொம்பு நல்லா இருக்கு. கோடு மட்டும் கொஞ்சம் கோணுது, பரவாயில்ல, அவரு இருந்தா ஒரே இழுப்புல சரி பண்ணிடுவாரு.

கோயில் மணி அடிக்குதா? அதோ பாரு, தெரு முனையில சிவப்புக் குடை. வரட்டும். நின்னுட்டான் பாரு! தெருவே தப்பிப் போச்சோன்னு முழிக்கிறான். வாடா தம்பி, வா, இதே சன்னல்தான்! வந்து படிச்சுக் காட்டு இவங்களுக்கு! நீ திரும்பிப் பார்க்காதே கண்ணு, நீ எழுது.

என்ன? என் பேரா?

பக்கத்துல என் பேரையும் எழுதட்டுமான்னா கேக்குறே?

வேணாம். வேணாம் கண்ணு, பிரஷை டப்பாவுல வை. அது அவரு பேரு மட்டும் தனியா இருக்கட்டும். நான் மஞ்சள் கேட்டவ.